தேனியில் இலைக்காரன் எங்கே போனான்?

ஜூன் 5, 2024. ஒரு வாசகரின் வாதம்

"தேனியில் அ.தி.மு.க. டெபாசிட்டைப் பறிகொடுத்துவிட்டது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்று ஜெயித்த ஆண்டிபட்டி இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன் பழைய இலைக்காரர். இரண்டாவது வந்த தினகரனும் பழைய இலைக்காரர். ஆக, கட்சி விசுவாசம் என்பதெல்லாம் முடிந்த கதை. தலைவன், தொண்டன், வாக்காளன் மூன்று பேருமே காற்றடிக்கும் பக்கம் சாயப் பழகிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?"

அதே நாள், இரவு

இருக்கிறேன். தலைவன் விஷயத்தில் தகராறு இல்லை. வாக்காளன் விஷயத்தில் பாதி ஒத்துப்போகிறேன். தொண்டனை அந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் பார்த்தவரை தொண்டன் கட்சி மாறுவது அபூர்வம். மனசு விட்டுப்போனால் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். அவன் உட்கார்ந்த தெருவில் ஓட்டு கலைகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தாவலாகத் தெரிகிறது.

எங்கள் சித்தப்பா கம்பம் பக்கம் கிளைச் செயலாளராக இருந்தவர். ஜெயலலிதா இருந்த காலத்தில் தேர்தல் வந்துவிட்டால் வீட்டுத் திண்ணையில் வாக்காளர் பட்டியல் விரிந்து கிடக்கும். யார் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான், யாருக்கு பஸ் காசு அனுப்ப வேண்டும், எந்த அப்பத்தாவை ஆட்டோவில் கூட்டிவர வேண்டும், எல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பார். இந்தத் தடவை அந்தப் பட்டியலைக் கேட்டு யாரும் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை. "யாருக்குப் போட்டீங்க சித்தப்பா?" என்றேன். "இலைக்குத்தான். வேற எங்க போடச் சொல்ற?" என்றார். அவருடைய ஓட்டு விழுந்தது. அவர் கூட்டிவரும் ஓட்டுகள் விழவில்லை.

ஜூன் 6

ஆண்டிபட்டியைச் சாசுவதமான இலைக்கோட்டை என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1984-ல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே அங்கே ஜெயித்தார், உண்மை. ஆனால் 1989-ல் அதே ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாள் தோற்றார், தி.மு.க. ஜெயித்தது. எம்.ஜி.ஆரின் மனைவி, எம்.ஜி.ஆரின் தொகுதி, அவர் இறந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இலை முடக்கப்பட்டு ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப்புறாவும் கொடுத்த தேர்தல் அது. சேவல் 27 இடம் பிடித்தது, புறா எழவே இல்லை. அடுத்த சில வாரங்களில் இரண்டு அணியும் சேர்ந்து இலையும் திரும்பி வந்ததும் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் இடைத்தேர்தலை ஜெயித்துக் காட்டினார்கள். அதற்குள் ஜனங்கள் கட்சி மாறித் திரும்பி மாறினார்களா என்ன?

ஜூன் 9

கணக்கோடு வா என்று மதுரை நண்பர் ஒருவர் மடக்கியிருக்கிறார். வருகிறேன்.

2019-ல் தேனியில் இலைக்கு நின்றவர் ஓ.பி.எஸ். (ஓ. பன்னீர்செல்வம்) மகன் ரவீந்திரநாத். 5 லட்சத்துக்குச் சற்று மேல். காங்கிரஸின் இளங்கோவன் 4 லட்சத்து 28 ஆயிரம். தினகரனின் அ.ம.மு.க.வுக்காக நின்ற தங்க தமிழ்ச்செல்வன் 1 லட்சத்து 44 ஆயிரம். மாநிலத்தில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் தேனி.

2024-ல் அதே தங்க தமிழ்ச்செல்வன் உதயசூரியனில் நின்று 5 லட்சத்து 71 ஆயிரம். தினகரன் குக்கரில் 2 லட்சத்து 92 ஆயிரம். இலைக்கு 1 லட்சத்து 55 ஆயிரம்.

பழைய இலையும் பழைய அ.ம.மு.க.வும் சேர்ந்தால் ஆறரை லட்சம் இருந்தது. இப்போது இலையும் குக்கரும் சேர்ந்து நாலரை லட்சம். இரண்டு லட்சம் காணோம். தி.மு.க. அணிக்குக் கூடியது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதியில் பெரும்பங்கு நாம் தமிழருக்குப் போனதாகத்தான் வைக்க முடியும், அவர்களுக்கு 76 ஆயிரம் விழுந்திருக்கிறது. "ஒன்றரை லட்சம் பேர் சூரியனுக்குப் போயிருக்கிறார்கள், நீ வீட்டில் உட்கார்ந்தான் என்கிறாயே" என்பதுதான் நண்பரின் கேள்வி. நியாயமான கேள்வி.

என் பதில் இது. போன ஒன்றரை லட்சமும் வாக்காளர்கள். கட்சிக் கார்டு வைத்திருக்கிறவன் ஒரு பூத்துக்கு எத்தனை பேர் இருப்பான், விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலர் வாசலுக்கு வந்து கூப்பிட்டால் வருகிறவர்கள்தான் மற்றவர்கள். இலைக்காரன் வரவில்லை, சூரியன்காரன் வந்தான். இன்னொன்றும் இருக்கிறது. 2019-ல் அந்த அணிக்கு நின்ற இளங்கோவன் ஈரோட்டுக்காரர். 2024-ல் நின்றவர் ஆண்டிபட்டியில் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2001-ல் ஜெயித்து, ஜெயலலிதா நிற்பதற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தவர். ஊரில் யார் வீட்டில் யாருக்குக் காதுகுத்து என்று தெரிந்த மனிதர். "தங்கத்துக்குப் போட்டேன்" என்றுதான் நிறையப் பேர் சொன்னார்கள், சூரியனுக்கு என்று சொல்லவில்லை. அதை நான் கட்சி மாற்றம் என்று எழுத மாட்டேன்.

தினகரனுக்கு விழுந்ததும் அப்படித்தான். 1999-ல் பெரியகுளம் எம்.பி. ஆனவர், அந்தப் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. சாதியை விட்டுவிட்டு எழுதுகிறாய் என்று யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குக்கர் ஓட்டில் முக்குலத்தோர் பங்கு பெரிது. ஆனால் ஜெயித்தவரும் அதே சமூகம்தான். ஆகவே அதை மட்டும் வைத்து இரண்டு லட்சத்து 78 ஆயிரம் வித்தியாசத்தை விளக்கிவிட முடியாது.

ஜூன் 10

"மாற்றுக் கட்சியினர் இணையும் விழா" பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதில் சேருகிறவர்கள் தொண்டர்கள் இல்லையா என்று.

நான் பார்த்த ஒரு விழாவில், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, ஆயிரம் பேர் இணைந்ததாகப் பத்திரிகையில் வந்தது. மண்டபத்தில் நாற்காலியே அத்தனை கிடையாது. முன்வரிசையில் துண்டு வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அந்தக் கட்சியில் இருந்தவர்கள். ஒருத்தர் போன வருஷமும் இணைந்தார். "இணையிறதுக்குன்னே இடையில விலகிக்கிருவாரோ" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது.

ஜூன் 23

ஆண்டிபட்டி அண்ணன் தம்பி கதையை எழுதச் சொல்கிறார்கள்.

தினகரன் பக்கம் நின்று 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஆண்டிபட்டி தங்க தமிழ்ச்செல்வனும் பெரியகுளம் கதிர்காமுவும் உண்டு. அதனால் 2019 ஏப்ரல் 18 அன்று அந்த இரண்டு தொகுதிக்கும் எம்.பி. தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தல். ஆண்டிபட்டியில் தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன். கூடப் பிறந்தவர்கள். மகாராஜன் பன்னிரண்டாயிரம் சொச்சத்தில் ஜெயித்தார். 2021-லும் அதே இருவர், அதே முடிவு, வித்தியாசம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தின நேரத்தில் ஆண்டிபட்டியில் அ.ம.மு.க. அலுவலகம் இருந்த கட்டடத்தில் சோதனை, ஒன்றரைக் கோடி அளவுக்குப் பணம் பறிமுதல், போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது, எல்லாம் அந்தத் தேர்தலில்தான். பணம் பேசும் என்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். இங்கே அ.ம.மு.க. ஜெயிக்கவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. அன்றைக்கு ஒரே பூத்தில், ஒரே வரிசையில் நின்று, ஒரே விரலில் மை வைத்துக்கொண்டு இரண்டு ஓட்டுப் போட்டார்கள். எம்.பி. இடம் இலைக்குப் போனது. ஆண்டிபட்டியும் பெரியகுளமும் சூரியனுக்குப் போயின. மாநிலம் முழுக்கவே அந்த வருஷம் அப்படித்தான். எம்.பி. தேர்தலில் வாரிச் சுருட்டிய தி.மு.க. அணி, 22 இடைத்தேர்தலில் 13-தான் எடுத்தது. 9 இடம் இலைக்குப் போய் எடப்பாடி ஆட்சி தப்பியது. மோடிக்கு எதிராக ஒரு ஓட்டு, எடப்பாடிக்கு ஒரு ஓட்டு என்று பிரித்துப் போடத் தெரிந்தவனிடம் போய் உன் விசுவாசம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வான்? எந்தத் தேர்தலுக்கு என்று திருப்பிக் கேட்பான்.

ஜூலை 14

நேற்று விக்கிரவாண்டி இடைத்தேர்தல் முடிவு வந்ததிலிருந்து தனிச்செய்தியில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

இலை போட்டியிடவில்லை, புறக்கணித்துவிட்டது. ஆக, இலைக்காரன் முன்னால் மூன்று வழி: சூரியன், பா.ம.க.வின் மாம்பழம், நாம் தமிழரின் மைக். வீட்டில் உட்காருவது நாலாவது. மூன்று மாதத்துக்கு முன்னால் எம்.பி. தேர்தலில் இதே சட்டமன்றத் தொகுதிக்குள் தி.மு.க. அணியின் சிறுத்தைகளுக்கு 72 ஆயிரம், இலைக்கு 65 ஆயிரம், பா.ம.க.வுக்கு 32 ஆயிரம் வாக்கில் விழுந்தது. இப்போது தி.மு.க.வின் அன்னியூர் சிவாவுக்கு 1,24,053. பா.ம.க.வுக்கு 56,296. வாக்குப்பதிவு 82 சதவீதத்துக்கு மேல்.

அதாவது இலைக்காரன் வீட்டில் உட்காரவில்லை. வெயிலில் வரிசையில் நின்று போட்டிருக்கிறான். அதிலும் பெரும்பகுதி, ஐம்பது வருஷமாக எதிரி என்று சொல்லி வளர்த்த சின்னத்துக்கு. பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்து மாதம்கூட ஆகவில்லை.

தி.மு.க. எதிர்ப்புதான் அ.தி.மு.க.வின் உயிர்மூச்சு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த நம்பரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 15

நேற்றுக் கோபத்தில் எழுதினேனா என்று மறுபடி படித்தேன். நம்பர் நம்பர்தான். ஆனால் இடைத்தேர்தலில் ஆளும்கட்சி மந்திரிகள் ஒன்றியத்துக்கு ஒருவராக வந்து முகாம் போடுவார்கள், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இலையோடு வளர்ந்த தலித் குடும்பங்கள் மாம்பழத்துக்குப் போட மாட்டார்கள், அவர்களுக்குச் சூரியனைவிட்டால் வழியில்லை. வன்னியர் இலைக்காரர்களில் ஒரு பகுதி மாம்பழத்துக்குப் போயிருக்கும், அதுதான் அந்தக் கூடுதல் 24 ஆயிரத்தில் தெரிகிறது.

அப்புறம் பெண்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம், திண்ணையைப் பற்றி எழுதும் ஜோரில் அடுப்படிப் பக்கம் போகவில்லை. எங்கள் சித்தி எம்.ஜி.ஆர். படத்துக்குப் பூ வைக்காமல் விளக்கேற்ற மாட்டார். ஜெயலலிதா இறந்தபோது சோறு இறங்கவில்லை. இந்த எம்.பி. தேர்தலில் சித்தி எதற்குப் போட்டார் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. எனக்குச் சொன்னார்: "அம்மா இருந்தா அம்மாவுக்கு. இப்ப மாசம் ஆயிரம் வருதுல்ல." மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் ஆரம்பித்தது. கட்சிக் கார்டு எப்போதுமே சித்தப்பா பேரில்தான். அந்த வீட்டை இலை வீடு என்று பட்டியலில் பென்சிலால் டிக் அடித்தவரும் அவர்தான்.

இலை ஓட்டில் பெண்கள் ஓட்டு எவ்வளவு பெரியது என்று 1977 முதல் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஓட்டை வைத்துக் கட்சிக்குள் பதவி வாங்கியவர்கள் முக்கால்வாசி ஆண்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் ஜெயலலிதா. அவர் போன பிறகு அந்தப் பெண்களிடம் பேசக் கட்சியில் யார் இருக்கிறார்கள்?

ஜூலை 28

கோவை நண்பர் எழுதியது: "தி.மு.க. மந்திரிசபையைப் பாருங்கள். பாதி பழைய இலை." பாதி என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் முத்துசாமி, சாத்தூர் ராமச்சந்திரன் இருவரும் எம்.ஜி.ஆர். மந்திரிசபையில் இருந்தவர்கள். எ.வ. வேலு, சேகர்பாபு, ரகுபதி, ராஜகண்ணப்பன், அனிதா ராதாகிருஷ்ணன், பிப்ரவரி வரை இருந்த செந்தில்பாலாஜி என்று பட்டியல் போகும். கோவையில் இப்போது அண்ணாமலையைத் தோற்கடித்த கணபதி ராஜ்குமார் அ.தி.மு.க. மேயராக இருந்தவர். அதே கோவையில்தான் 2021-ல் மாவட்டத்தின் பத்துத் தொகுதியையும் இலையணி எடுத்தது.

இதில் பாதிக்கப்படுகிறவன் யார் என்றால் சூரியனுக்கு முப்பது வருஷம் கொடி பிடித்த உடன்பிறப்பு. எதிர்க்கட்சியாக இருந்தபோது கேஸ் போட்டவரே இப்போது மாவட்டப் பொறுப்பாளர் என்றால் அவன் எந்த முகத்தோடு சால்வை போடுவான்? போடுகிறான். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான்.

தேனி, விக்கிரவாண்டி எல்லாம் இருக்கட்டும், எங்கள் தாய்மாமா கதையைச் சொல்கிறேன். அவர் ம.தி.மு.க. 1993-ல் வைகோவை தி.மு.க.விலிருந்து நீக்கியபோது தீக்குளித்தார்களே, அந்த வேகத்தில் வெளியே வந்த தலைமுறை. 1994-ல் கட்சி. 1996-ல் ஊரெல்லாம் சிவப்பு கறுப்பு சிவப்பு. முடிவு வந்தபோது ஒரு இடம் இல்லை, விளாத்திகுளத்தில் வைகோவே சில நூறு ஓட்டில் தோற்றார். மாமா அன்று ராத்திரி கொடியைக் கம்பத்திலிருந்து இறக்காமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம். அத்தை சொல்வார்.

அப்புறம் என்ன ஆனது பாருங்கள். 1998-ல் ஜெயலலிதாவோடு கூட்டணி. 1999-ல் கருணாநிதியோடு. 2001-ல் தனியாக. 2002-ல் பொடா சட்டத்தில் வைகோவை உள்ளே போட்டது ஜெயலலிதா அரசு. 2004-ல் தி.மு.க.வோடு. 2006-ல், உள்ளே போட்ட அதே ஜெயலலிதாவோடு. 2011-ல் தேர்தலே வேண்டாம் என்று புறக்கணிப்பு. 2014-ல் பா.ஜ.க. அணி. 2016-ல் மக்கள் நலக் கூட்டணி. 2019-ல் மறுபடி தி.மு.க. 2021-ல் நின்ற ஆறு பேரும் உதயசூரியனிலேயே நின்றார்கள். 2024 திருச்சியில் கட்சிச் சின்னமான பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி.

மாமா அத்தனை தேர்தலிலும் வேலை பார்த்தார். இலைக்குச் சுவர் எழுதினார், சூரியனுக்குச் சுவர் எழுதினார், தாமரைக்கும் எழுதினார். எழுதிய சுவரிலேயே அழித்து எழுதினார். ஒரு நாள்கூடக் கட்சி மாறவில்லை! இவரை எந்தப் பட்டியலில் வைப்பது? நம் ஆய்வாளர்கள் கணக்கில் இவர் ஓட்டு எட்டுத் தடவை தாவியிருக்கிறது. அவரைக் கேட்டால் அசையவே இல்லை என்பார்.

"எப்படி மாமா முடியுது?" என்று ஒரு தடவை கேட்டேன். "தலைவர் சொல்றாரு, செய்யுறோம். நாங்க வெளியேறுன அன்னைக்கே எல்லாரும் எங்கள ஒரு மாதிரிதான் பாத்தாய்ங்க. இனிமே எவன் என்ன நெனச்சா என்ன?" என்றார். கட்சியை விட்டு ஒரு தடவை வெளியே வந்தவனுக்கு மறுபடி வெளியே வர பயம். முதல் தடவை இழந்த சிநேகிதமும் சம்பந்தமும் போதும் என்றிருக்கும். என் கணிப்பில் ம.தி.மு.க. இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தான்.

ஆகஸ்ட் 3

"சின்னம்தான் எல்லாம்" என்று நான் எழுதியதாக ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். 1989 கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். நாம் தமிழருக்கு இந்தத் தேர்தலில் கரும்பு விவசாயி பறிபோய் மைக் கிடைத்தது. 2021-ல் ஆறரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தவர்கள் எட்டுக்கு மேல் போனார்கள். அந்தப் பையன்கள் சின்னத்தைப் போனில் பார்த்துப் பழகியவர்கள். இலை, சூரியன் என்று கோலத்தில் பார்த்து வளர்ந்தவர்களின் கணக்கு வேறு.

ராமநாதபுரத்தில் ஓ.பி.எஸ். பலாப்பழத்தில் நின்றாரே, அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் பட்டியலில் இருந்தார்கள். அப்படியும் மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாவது வந்தார். இலை டெபாசிட் இழந்தது. சின்னம் இல்லாமலும் நடக்கும், ஆள் வேலை செய்தால்.

நவம்பர் 2, 2024

விக்கிரவாண்டி வி.சாலையில் விஜய் மாநாடு முடிந்து ஒரு வாரமாக எல்லோரும் என்னை இழுக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து வேன் போனது. போன பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தேன். இலை வீடு இரண்டு, சூரியன் வீடு ஒன்று, எந்த வீடும் இல்லாத வீடு நிறைய.

இதைப் பார்த்ததும் 2005 ஞாபகம் வரும். விஜயகாந்த் கட்சி தொடங்கிய புதிதில் ரசிகர் மன்றப் போர்டை அழித்து அதிலேயே கட்சிப் பெயர் எழுதினார்கள். 2006-ல் எட்டு சதவீதத்துக்கு மேல், விருத்தாசலம் மட்டும் ஜெயம். 2009-ல் பத்து. 2011-ல் ஜெயலலிதாவோடு சேர்ந்து 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அப்புறம் எம்.எல்.ஏ.க்கள் "தொகுதி வளர்ச்சிக்காக" ஒவ்வொருவராக முதல்வரைப் போய்ப் பார்த்தார்கள். 2016-ல் இரண்டரை சதவீதம்கூட இல்லை, உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது.

அந்தப் பத்து சதவீதம் எங்கே போனது? எனக்குத் தெரிந்த தே.மு.தி.க. முரசுக்காரர்களில் எம்.எல்.ஏ.வோடு போனவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். கடையில் கேப்டன் படம் இருக்கிறது, கட்சிப் பேச்சு கிடையாது. 2023 டிசம்பரில் விஜயகாந்த் இறந்தபோது கடையை அடைத்துவிட்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். 2024-ல் விருதுநகரில் அவர் மகன் நாலாயிரத்துச் சொச்சத்தில்தானே தோற்றார்? அந்தத் தொகுதியில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் எழுந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். இலையோடு கூட்டணி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விஜயின் த.வெ.க. பையன்களிடம் ஒன்று மட்டும் கேட்டேன். பூத்துக்கு யார்? "பாத்துக்கலாம்ணே" என்றார்கள்.

பிப்ரவரி 9, 2025

ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். மறுபடி இலை புறக்கணிப்பு, இந்தத் தடவை பா.ஜ.க.வும். விக்கிரவாண்டியைக் காட்டி என்னைத் திட்டியவர்கள் இதையும் பார்க்கட்டும்.

2023 இடைத்தேர்தலில் இலைக்கு 43,923 விழுந்த தொகுதி. காங்கிரஸின் இளங்கோவனுக்கு அப்போது 1,10,156. நாம் தமிழருக்கு 10,827. இப்போது தி.மு.க. 1,15,709. நாம் தமிழர் 24,151. நோட்டா ஆறாயிரத்தைத் தாண்டியது. வாக்குப்பதிவு 75-லிருந்து 68 சதவீதத்துக்கு இறங்கியது. இலையின் 44 ஆயிரத்தில் சூரியனுக்கு ஐந்து, ஆறாயிரம் போயிருந்தால் அதிகம். பெரும்பங்கு மைக்கிலும் நோட்டாவிலும் வீட்டிலும் பிரிந்து கிடக்கிறது.

ஒரே புறக்கணிப்பு, இரண்டு ஊரில் இரண்டு விதமாக வேலை செய்திருக்கிறது. விக்கிரவாண்டியில் எதிரே மாம்பழம் இருந்தது, அதைத் தடுக்கவாவது ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு கூட்டம், அதற்கே போட வேண்டும் என்று ஒரு கூட்டம். ஈரோட்டில் ஜெயிக்கப் போகிறவர் யார் என்று வேட்புமனு அன்றே தெரியும். நகரத்துக்காரன் லீவு நாளை வீணாக்கவில்லை.

ஜெயித்த சந்திரகுமார் 2011-ல் இதே தொகுதியில் முரசில் ஜெயித்தவர். 2016-ல் தே.மு.தி.க.விலிருந்து வெளியே வந்தவர். இந்த விவாதத்துக்கு வேண்டிய எல்லாமே இந்த ஒரு தொகுதிக்குள் இருக்கிறது போல.

நவம்பர் 30, 2025

நடுவில் ஏப்ரலில் இலையும் தாமரையும் மறுபடி சேர்ந்தன, அதை எழுதவே அலுப்பாக இருந்தது. அன்வர் ராஜா, மைத்ரேயன், மனோஜ் பாண்டியன் வரிசையாக அறிவாலயம் போனார்கள். இப்போது செங்கோட்டையன். 1977-ல் சட்டமன்றத்துக்குள் வந்தவர், பசும்பொன்னில் ஓ.பி.எஸ்., தினகரனோடு சேர்ந்து நின்றதற்கு மறுநாள் நீக்கப்பட்டார், போன வியாழக்கிழமை விஜய் கட்சியில் சேர்ந்தார்.

"கோபி அவரோடு போகுமா?" என்று அவருடைய தொகுதியான கோபிசெட்டிபாளையத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஊர் போகுமா என்று எனக்கு ஆரூடம் சொல்லத் தெரியாது. ஒன்றியச் செயலாளர்கள் போனார்களா என்று பார்க்க மாட்டேன், அவர்கள் படம் பேப்பரில் வரும். திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் மாதிரி கிளைச் செயலாளர், கொடியை மாற்றி நட்டாலும் தூண் அதே இடத்தில் நிற்கும். அந்தத் தூண்களில் எத்தனையை அவர் பிடுங்கிக்கொண்டு போகிறார் என்பதுதான் கேள்வி. தங்க தமிழ்ச்செல்வன் 2019 ஜூனில் தி.மு.க.வுக்குப் போனார், 2021-ல் போடியில் ஓ.பி.எஸ்.ஸிடம் பதினோராயிரத்தில் தோற்றார், 2024-ல்தான் ஜெயித்தார். பெயரும் ஊரும் இருந்தும் ஐந்து வருஷம் பிடித்தது. செங்கோட்டையனுக்கு இருப்பது ஆறு மாதம்.

இப்போது வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் நடக்கிறதே, அதில் பார்க்கலாம். கட்சி முகவர் என்று ஒவ்வொரு பூத்துக்கும் ஆள் போட வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரிய வேண்டும், 2002 பட்டியலில் பெயர் தேடத் தெரிய வேண்டும், மேலூருக்குக் கல்யாணமாகிப் போன பெண் யார், செத்தவர் யார் என்று தெரிய வேண்டும். மேடையில் கை தட்டுகிறவனால் இது ஆகாது. எங்கள் தெருவுக்குச் சூரியன் ஆள் இரண்டு தடவை வந்தார். இலைக்கு ஒரு பையன் பெயரளவுக்கு இருக்கிறான், அவன் நேராகச் சித்தப்பாவிடம்தான் வந்து நின்றான், இவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை எடுத்துவிட்டார். விஜய் கட்சிப் பையன்களும் அதே திண்ணைக்கு வந்து சந்தேகம் கேட்டார்கள். அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "ஓட்டு இருந்தாத்தானப்பா மாத்திப் போட முடியும்?" என்றார்.

கோபிக்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் பூத்தில் முகவர் யார், போன தேர்தலில் எந்தக் கட்சிக்கு உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். கட்சி போதும்.